போனைப் பிடுங்கினால் பிள்ளை எங்கே போகும்?

பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் இப்போது ஒரு பேச்சு தவறாமல் வருகிறது. "பிள்ளைங்க கையில போனைக் கொடுக்காதீங்க, வெளியில விளையாட விடுங்க." மருத்துவர் சொல்கிறார், ஆசிரியர் சொல்கிறார், தொலைக்காட்சியில் வந்து உட்காருகிறவர்களும் சொல்கிறார்கள். பேச்சில் பிழையில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டுப் பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடிக்குத் திரும்பும் தாய்க்கு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. வெளியில் என்றால் எங்கே?

தாய்க்குக் கண்டிப்பு போதவில்லை, தகப்பனுக்கு அக்கறை இல்லை, பிள்ளைக்கு அடக்கமில்லை என்று இதை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பேசி முடித்துவிடுகிறார்கள். நமக்கு இது நிலத்தைப் பற்றிய கேள்வியாகத் தெரிகிறது. நம் பிள்ளைகள் ஓடியாடிய மண் யாரிடம் போனது, அதற்குப் பதிலாக அவர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் போனைப் பற்றிப் பேச வேண்டும்.

சென்னையின் தெற்குப் பக்கத்தில் மூன்று பெரிய மறுகுடியமர்வுப் பகுதிகள் இருக்கின்றன. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், பழைய மாமல்லபுரம் சாலையில் இன்னும் தள்ளிச் செம்மஞ்சேரி, அங்கிருந்து மேற்கே தாம்பரம் போகும் வழியில் பெரும்பாக்கம். கண்ணகி நகர் 2000-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கியது. அங்கே 15,656 வீடுகள். செம்மஞ்சேரியில் 6,764. பெரும்பாக்கத்தில் எட்டடுக்குக் கட்டடங்களாக 20 ஆயிரத்துக்கும் மேல். கட்டியது குடிசை மாற்று வாரியம். 1970-ல் அமைந்த அந்த வாரியத்துக்கு 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்தும் கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் பெயர்த்துக்கொண்டு வரப்பட்ட மக்கள் இவர்கள். பெரும்பாலானோர் பட்டியலினத்தவர். நகரத்தின் சாக்கடையையும் குப்பையையும் தெருவையும் சுத்தம் செய்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள், வீட்டு வேலை செய்தவர்கள். அவர்களை நகரத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கும் அப்பால் கொண்டுபோய் வைத்துவிட்டு, வேலைக்கு மட்டும் அங்கேயே வரச் சொன்னது நகரம்.

கண்ணகி நகரில் முதலில் கட்டிய வீடுகள் 200 சதுர அடியைக்கூடத் தொடவில்லை. அதற்குள் சமையல், படுக்கை, படிப்பு, விருந்தாளி எல்லாம். ஒரு பிள்ளை காலை நீட்டிப் படுத்தால் இன்னொன்று சுவரோடு ஒட்டி உட்கார வேண்டும். இந்த வீட்டுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கையளவு திரைதான் பெரிய இடம். அதில் மலை இருக்கிறது, கடல் இருக்கிறது, ஓடுவதற்குச் சாலை இருக்கிறது, சுட்டு விளையாடத் தீவே இருக்கிறது. ஃப்ரீ ஃபயரில் ஒரு பையன் ஓடும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு ஓடுவதற்கு அவன் பிளாக்குக்கு முன்னால் இடமில்லை. இருக்கிற இடத்திலும் பைக் நிற்கிறது, தண்ணீர் டிரம் நிற்கிறது, கழிவுநீர் தேங்கி நிற்கிறது.

பழைய இடம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஆற்றங்கரைக் குடிசையில் வெள்ளமும் தீயும் பாம்பும் உண்டு. ஆனாலும் அங்கே சந்து இருந்தது. சந்துதான் முற்றம், அதுதான் மைதானம். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்கிற ஆயா ஒருத்தி பத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். கோலி, பம்பரம், கிட்டிப்புள், கல்லாங்காய், நொண்டி, ரப்பர் பந்து கிரிக்கெட் எல்லாம் அவள் கண் முன்னால் நடக்கும். சண்டை வந்தால் அங்கிருந்தே ஒரு அதட்டல். அந்த அமைப்பை யாரும் திட்டம் போட்டு உருவாக்கவில்லை. தரையோடு தரையாக வீடுகள் இருந்ததால் தானாக அமைந்தது.

எட்டடுக்கு மாடியில் அது உடைந்துபோனது. ஏழாவது மாடியில் இருக்கும் தாய் கீழே விளையாடும் ஐந்து வயதுப் பிள்ளையை எப்படிப் பார்ப்பாள்? கூப்பிட்டால் கேட்காது. விழுந்தால் தெரியாது. லிஃப்ட் ஓடவில்லை என்றால் ஏழு மாடி இறங்கி ஏற வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வேறொரு பகுதியிலிருந்து வந்தவர், யாரென்றே தெரியாது. ஒரே குப்பத்தைச் சேர்ந்தவர்களைக்கூடப் பல பிளாக்குகளில் பிரித்துப் போட்டால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல யார் இருப்பார்கள்? கீழே குடிப்பவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், கஞ்சா விற்கிறார்கள் என்ற பயம் வேறு. அந்தப் பயம் பொய்யும் இல்லை. கடைசியில் தாய் எடுக்கும் முடிவு: கதவைச் சாத்து, போனைக் கொடு. விடியற்காலை கிளம்பி ஐ.டி. நிறுவனத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கோ அடையாறு, மைலாப்பூரில் வீட்டு வேலைக்கோ போகிறவள் அவள். திரும்பும்போது இருட்டிவிடுகிறது. இடைப்பட்ட நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலையைச் செய்வது அந்தப் போன்தான். மாதம் சில நூறு ரூபாய் டேட்டா சம்பளத்தில் இதைவிட மலிவான ஆயா கிடைக்காது. அவளைப் பொறுப்பில்லாதவள் என்று சொல்கிறவர்கள் அவள் இடத்தில் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும்.

பாடமாக வந்த போன்

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. நம் பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்தது பள்ளிக்கூடம்தான். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மறுபடி வகுப்பறைக்குள் நுழைந்தது 2021 நவம்பர் 1-ல். ஒன்றரை ஆண்டுக்கு மேல் கல்வித் தொலைக்காட்சி, வாட்ஸ்அப் வீட்டுப்பாடம், யூடியூப் பாடம். போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பாடமே இல்லை. கடன் வாங்கி, தவணைக்கு எடுத்து, பழைய போனுக்கு அலைந்து வாங்கிக் கொடுத்தார்கள் நம் பெற்றோர். படிப்புக்கென்று வாங்கிய அதே போனில்தான் பிறகு ரீல்ஸும் கேமும் வந்து குடியேறின. ஊரடங்கு முடிந்ததும் பாடம் பள்ளிக்குத் திரும்பிவிட்டது, போன் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

போன் தீண்டத்தகாத பொருள் என்று நாம் சொல்லவில்லை. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது அதில்தான். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் மாணவர்களுக்குப் பயிற்சி மையம் அதுதான். அண்ணல் அம்பேத்கரின் எழுத்துகளை விலை கொடுத்து வாங்க முடியாத மாணவர் அவற்றைத் தேடிப் படிப்பதும் அதில்தான். நம் கவலை பிள்ளையைப் பற்றியது. மணிக்கணக்கில் குனிந்தபடி விரலை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கும் ஆறு வயது, பத்து வயதுப் பிள்ளையைப் பற்றியது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு வயது ஆகும் முன் குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பதும் அதே நிறுவனத்தின் பரிந்துரை.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்குத் தெரியாது. தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் கிட்டப்பார்வைக் குறைபாடு, பிள்ளைகளிடம் உலகம் முழுவதும் பெருகிவருகிறது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருக்கும் வகுப்பு. மற்றப் பள்ளிகளில் வழக்கம்போல. மூன்றாண்டு முடிவில், வழக்கம்போல இருந்த பிள்ளைகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியில் இருந்தவர்களில் 30.4 சதவீதம். 2015-ல் வெளியான ஆய்வு இது. மருந்து இல்லை, கண்ணாடி இல்லை, 40 நிமிட வெயில் வெளிச்சம், அவ்வளவுதான். வெளியில் பகல் வெளிச்சம் 10 ஆயிரம் லக்ஸைத் தாண்டும். வீட்டுக்குள் பெரும்பாலும் 500-ஐக்கூட எட்டாது. பகல் வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் சுரக்கிறது, அது கண்விழி அளவுக்கு மீறி நீளமாக வளர்வதைத் தடுக்கிறது என்று விளக்குகிறார்கள். பிளாக்குக்குப் பிளாக் நெருக்கிக் கட்டி, பட்டப்பகலில் டியூப்லைட் போட வேண்டிய வீட்டில் வளரும் பிள்ளைக்கு இந்த வெளிச்சம் எங்கிருந்து வரும்? கரும்பலகை தெரியாமல் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை மக்கு என்று எழுதிவிடுவது நம் பள்ளிகளில் சுலபமாக நடக்கும். அந்த மக்குப் பட்டத்துக்குச் சாதிப் பெயரும் எளிதாக ஒட்டிக்கொள்ளும்.

96 சதுர மீட்டர்

இனி நல்ல செய்திக்கு வருவோம். அதுவும் இதே மண்ணிலிருந்துதான்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி நடந்தது. பெண்கள் கபடி இறுதியில் இந்திய அணி ஈரானை 75-21 என்று வென்று தங்கம் வாங்கியது. அந்த அணியின் துணைத் தலைவி, 17 வயது கார்த்திகா, கண்ணகி நகர்ப் பெண். ஊர் திரும்பியபோது கண்ணகி நகரே தெருவுக்கு வந்து நின்றது. தமிழ்நாடு அரசு 25 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை அளித்தது. 'கண்ணகி நகரா?' என்று முகம் சுளித்து வேலை மறுத்தவர்கள், கடன் மறுத்தவர்கள், பெண் எடுக்கவே யோசித்தவர்கள் எல்லாம் அந்தப் பெயரைத் தொலைக்காட்சியில் மரியாதையோடு கேட்க வேண்டி வந்தது.

செய்தி வந்த வேகத்தில் எல்லோரும் அந்தப் பெண்ணின் திறமையைப் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். நாம் அதற்கு அடியில் இருந்ததையும் பார்க்கிறோம். கார்த்திகா வானத்திலிருந்து குதிக்கவில்லை. கண்ணகி நகரில் பயிற்சியாளர் ராஜி பல ஆண்டுகளாகப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக் கபடி சொல்லிக் கொடுத்து வருகிறார். சிறிய இடம். பெரிய அரங்கம் இல்லை. ஆனால் நாள் தவறாமல் ஒரு பெரியவர் வந்து நின்றார். அவரை நம்பிப் பெற்றோர் பெண் பிள்ளைகளை அனுப்பினார்கள். வெற்றிக்குப் பின் கார்த்திகா பேசிய இடங்களில் தனக்காகக் கேட்டதைவிடக் கண்ணகி நகருக்கு நல்ல ஆடுகள வசதி வேண்டும் என்று கேட்டதுதான் நம் காதில் நிற்கிறது. வீடு கேட்கலாம், வேலை கேட்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தனக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்கு மண் கேட்டார்.

எவ்வளவு மண்? பெண்கள் கபடி ஆடுகளம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். 96 சதுர மீட்டர். சதுர அடியில் ஆயிரத்துச் சொச்சம். கண்ணகி நகரின் பழைய வீடுகள் ஐந்தைச் சேர்த்து வைத்தால் வரும் இடம். சுற்றிலும் நிற்க, உட்கார, ஓடிவர இடம் விட்டால் பத்து வீட்டு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15,656 வீடு கட்டத் தெரிந்த ஓர் அரசு இயந்திரத்துக்கு, பிளாக்குகளுக்கு நடுவே பத்து வீட்டு இடத்தை ஆங்காங்கே காலியாக விடத் தெரியாதா? கபடிக்குப் பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், ஷூகூட வேண்டாம். கல் பொறுக்கிய மண்ணும், ஒரு கோடும், ஒரு விளக்கும் போதும். அந்த விளக்கு ரொம்ப முக்கியம். மேலே சொன்ன தாய் வேலை முடிந்து வரும் நேரம் இருட்டு. பிள்ளைகள் ஆடும் நேரமும் அதுதான். விளக்கு இல்லாத மைதானம் பெண் பிள்ளைகளுக்கு மைதானமே இல்லை. கழிப்பறை இல்லாத மைதானமும் அப்படித்தான். பையன்கள் எப்படியோ ஒரு மூலையில் மூன்று குச்சி நட்டு கிரிக்கெட் ஆடிவிடுகிறார்கள். வயதுக்கு வந்த பெண் பிள்ளையை வீட்டுக்குள் நிறுத்தி, தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, கையில் போனைக் கொடுத்துவிடுகிறோம். இந்தத் தவறு நம் வீடுகளிலும் நடக்கிறது. கார்த்திகாவோடு ஆடிய பெண்களின் வீடுகளில் அதை உடைத்திருக்கிறார்கள்.

கண்ணகி நகரின் சுவர்களில் 2020 வாக்கில் ஓவியர்கள் வந்து பெரிய பெரிய சித்திரங்கள் வரைந்தார்கள். அழகாகவே இருக்கின்றன, படம் எடுக்க ஆட்கள் வருகிறார்கள். சுவரில் கிடைத்த அந்தக் கவனத்தில் பாதி தரைக்கும் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

மதிலுக்கு உள்ளே இருக்கும் நிலம்

தாம்பரம் பக்கம் வருவோம். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். ஒரு தலைமுறைக்கு முன் இவை பெரும்பாலும் ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள். ஊர் என்றால் பக்கத்தில் காலனியும் உண்டு. கோடையில் ஏரி வற்றினால் உள்வாயில் கிரிக்கெட், அறுவடை முடிந்தால் கழனியில் கபடி. காலனிப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய மைதானம் வேண்டியிருக்கவில்லை. வயல் பிளாட் ஆனது, பிளாட் அடுக்குமாடி ஆனது. அந்த நிலத்தில் உழைத்தவர்களுக்கு அதில் பங்கு இருந்ததில்லை, ஆகவே விற்றபோது பணத்திலும் பங்கில்லை. பிள்ளைகள் விளையாடிய உரிமை எந்தப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை.

இது பழைய கதையின் தொடர்ச்சி. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையை 1891-ல் அறிக்கையாக எழுதினார். அதையொட்டித்தான் 1892-ல் பஞ்சமி நிலம் வழங்க ஆணை வந்தது. அந்த நிலம் கைமாறிக் கைமாறிப் போனதை எதிர்த்து, காரணை நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். விளையும் நிலத்துக்கே அந்தப் பாடு என்றால், விளையாடும் நிலத்தைப் பற்றி யார் பேசுவார்?

தாம்பரத்தில் வெற்றிடமே இல்லை என்று சொல்ல முடியாது. விமானப்படைத் தளம் இருக்கிறது, ரயில்வே நிலம் இருக்கிறது, 1937-ல் இங்கே வந்த கிறித்துவக் கல்லூரிக்கு 300 ஏக்கருக்கும் மேல் காடு இருக்கிறது. அவற்றுக்கு மதில் இருக்க வேண்டிய காரணமும் இருக்கிறது, அதில் நமக்குச் சண்டையில்லை. நாம் கேட்பது, சட்டப்படி எல்லோருக்குமான நிலத்தைப் பற்றி.

மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். பெரிய மனைப்பிரிவோ அடுக்குமாடி வளாகமோ போடும்போது, நிலம் 10 ஆயிரம் சதுர மீட்டரைத் தாண்டினால் அதில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்வது இதைத்தான். எழுதிக் கொடுத்த பின் அது மாநகராட்சியின் நிலம், பொதுமக்களின் நிலம். காலனிப் பிள்ளைக்கும் அதில் கால் வைக்க உரிமை உண்டு. ஆனால் பல இடங்களில் அது வளாகத்தின் சொந்தப் பூங்கா போலவே கேட் போட்டு, வாட்ச்மேன் வைத்து இருக்கிறது. அந்த வாட்ச்மேனும் பெரும்பாலும் நம் ஆள்தான் என்பது வேறு விஷயம். நம் வார்டில் எத்தனை ஓ.எஸ்.ஆர். நிலம் இருக்கிறது, எங்கே, எவ்வளவு பரப்பு, இப்போது யார் பயன்படுத்துகிறார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடலாம். கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடக்கூடிய வேலை. போனிலேயே செய்யலாம்!

பள்ளி மைதானத்தையும் விடக் கூடாது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றின் பட்டியலில் விளையாட்டு மைதானத்தையும் வைத்திருக்கிறது. இருக்கும் மைதானமும் மாலை 4 மணிக்கு மேல் பூட்டிக் கிடக்கிறது. நியூயார்க் நகரம் 2007-ல் தொடங்கிய திட்டத்தில், பள்ளி முற்றங்களை வகுப்பு முடிந்த பிறகும் விடுமுறை நாட்களிலும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டது. புது நிலம் தேடாமல் நூற்றுக்கணக்கான மைதானங்கள் கிடைத்தன. இங்கே செய்ய என்ன தடை? ஒரு காவலாளிச் சம்பளம், ஒரு விளக்கு, ஒரு சாவி. வகுப்பு நேரத்து விளையாட்டுப் பாடவேளையோ இன்னும் பரிதாபம். அதைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டு போவது பழைய வழக்கம். கடன் வாங்காதீர்கள் என்று துணை முதல்வரே 2024-ல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அது முற்றியிருந்தது.

ஊர் மைதானம், சேரி அணி

கிராமத்தில் இருந்து படிப்பவர்கள், 'எங்களுக்கு இடப் பஞ்சமில்லை' என்று நினைக்கலாம். இடம் இருக்கிறது. யார் ஆடலாம் என்பதுதான் அங்கே கேள்வி. மைதானம் ஊர்ப் பக்கம் இருக்கும். பொங்கல் கபடிப் போட்டிக்கு ஊர் அணி, காலனி அணி என்று தனித்தனியாகப் பெயர் கொடுப்போம். தோற்றால் பேச்சு, ஜெயித்தால் அடி.

இது மிகையில்லை. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த 11-ஆம் வகுப்புத் தலித் மாணவரை இறக்கி அரிவாளால் வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் தங்கள் அணி வென்றதுதான் காரணம் என்றது குடும்பம். இந்தச் செய்தியைப் படித்த ஒரு தகப்பன், மகனை மாலையில் மைதானத்துக்கு அனுப்புவானா? வீட்டிலேயே போனைப் பார்த்துக்கொண்டு கிட என்பானா? மற்ற வீடுகளில் பிள்ளை வெளியில் போனால் கீழே விழுவானோ, வெயிலில் கறுப்பானோ என்று கவலை. நம் வீடுகளில் உயிரோடு திரும்புவானா என்று கவலை. திரை நேரத்தைப் பற்றி அறிவுரை எழுதுபவர்கள் இந்த வித்தியாசத்தை ஒரு வரியாவது எழுத வேண்டும்.

விளையாட்டுக்குச் சாதி கிடையாது என்பார்கள். பல்வங்கர் பாலு என்ற பெயரை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். புனே வெள்ளைக்காரர் கிளப்பில் ஆடுகளத்தை உருட்டிச் சமன்செய்யும் வேலையில் இருந்த தலித் இளைஞர். வலையில் பந்து வீசி வீசியே தேர்ந்தார். 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 114. ஆனால் ஊரில் தேநீர் இடைவேளையில் அவருக்கு வெளியே தனி மண் குவளை. இந்துக்கள் அணிக்கு அவரைத் தலைவராக்க மனம் வரவில்லை. அந்த இடம் அவர் தம்பி விட்டலுக்கு 1923-ல்தான் கிடைத்தது. மைதானத்துக்குள் நுழைந்தவர்களுக்கே அந்த நிலை. அவர்கள் நுழைந்ததால்தான் இன்று நம்மால் பேசவாவது முடிகிறது.

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்தது. இங்கேயும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று குரல்கள் கேட்கின்றன. வரட்டும், விவாதிப்போம். ஆனால் தடைச் சட்டம் மட்டும் வந்து மைதானம் வராவிட்டால், நம் பிள்ளைக்கு 200 சதுர அடிச் சுவர் மட்டுமே மிஞ்சும். பிள்ளைகளின் விளையாட்டு உரிமையை ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியா அதை 1992-லேயே ஏற்றுக்கொண்டது. முப்பது ஆண்டுக்கு மேலாகியும் பெரும்பாக்கத்துக்கு அது வந்து சேரவில்லை.

இப்போதைக்குக் கையில் இருக்கும் வேலைகளைப் பார்ப்போம். தமிழ்நாடு அரசு 2024-ல் கலைஞர் பெயரில் எல்லாக் கிராம ஊராட்சிகளுக்கும் விளையாட்டு உபகரணங்கள் கொடுக்கத் தொடங்கியது. கிரிக்கெட் மட்டை, கால்பந்து, கைப்பந்து என்று பெட்டி பெட்டியாக. நம் ஊராட்சிக்கு வந்த பெட்டி எங்கே இருக்கிறது? சாவி யாரிடம்? காலனிப் பிள்ளை போய்க் கேட்டால் எடுத்துத் தருகிறார்களா? கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சிக் கணக்கு வாசிக்கும்போது இந்த மூன்று கேள்வியையும் எழுந்து கேட்கலாம். காலனிப் பக்கம் ஒரு கபடிக் களமும் விளக்கும் வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லலாம். எழுதினார்களா என்று பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். நகரத்தில் இருப்பவர்களுக்கு ஏரியா சபை இருக்கிறது.

பெண் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். விளக்கு எந்த இடத்தில் வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.